ஆண் தேரையா, பெண் தேரையா? வடசென்னையில் தேரை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

நல்ல மழை பெய்து விட்ட இரவில் எம்.கே.பி. நகர்ப் பக்கம் நடந்து பாருங்கள். தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும், சிறகு உதிர்ந்து தரையில் ஊரும். வெளிச்சம் விழும் வட்டத்தின் ஓரத்தில் நாலைந்து தேரைகள் உட்கார்ந்திருக்கும். நாக்கை நீட்டி ஈசலை இழுத்து விழுங்கும்போது கண் இரண்டையும் உள்ளே அமுக்கிக்கொள்ளும். தேரைக்குப் பல் கிடையாது. அமுங்கும் கண்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகிறது. என்னோடு முதல்முறை வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு உடனே கேட்பது ஒரே கேள்வி: "இதுல எது ஆண், எது பெண்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணை ஆண் என்று உறுதியாகச் சொல்ல நான்கு சாட்சிகள் உண்டு. பெண்ணுக்கு அப்படித் தனி அடையாளம் எதுவும் வெளியே தெரியாது. வயிறு நிறைய முட்டை இருக்கும் நாட்களைத் தவிர, பெண் என்று நாம் சொல்வதெல்லாம் "ஆணுக்கான சாட்சி எதுவும் இல்லை" என்பதை வைத்துத்தான். இது புரிந்துவிட்டால் பாதித் தவறு தானாக நின்றுவிடும்.

முதலில், இது தேரைதானா?

எங்கள் தெருவில் யாரும் தேரை என்று சொல்வதில்லை. சொறித்தவளை, சொறித்தவக்களை என்பார்கள். வீட்டுக்குள், மாடிப்படி அடியில், பூந்தொட்டிக்குப் பின்னால், சம்ப் மூடிக்குப் பக்கத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே இனம். அறிவியல் பெயர் டுட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் 1799-இல் இதை விவரித்தார். நெடுங்காலம் பூஃபோ என்ற பேரினத்தில் இருந்ததை 2006-இல் பிரித்து, சுஷில் குமார் தத்தா என்ற இந்திய ஆய்வாளரின் பெயரைப் புதுப் பேரினத்துக்குச் சூட்டினார்கள். நம் வீட்டு வாசலில் உட்காரும் பிராணிக்கு நம் நாட்டு ஆய்வாளர் ஒருவரின் பெயர் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடையாளம் எளிது. தோல் வறண்டு, சொரசொரப்பாக, முழுக்க மரு மருவாக இருக்கும். மருக்களின் முனை கறுத்திருக்கும். மூக்கிலிருந்து கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல ஒரு கறுப்பு விளிம்பு ஓடும். கண்ணுக்குப் பின்னால், இரு பக்கமும், மொச்சைக்கொட்டையைத் தோலுக்கடியில் வைத்தது போல நீளவாக்கில் ஒரு மேடு. அதுதான் நஞ்சுச் சுரப்பி. விரல் நுனிகள் மருதாணி வைத்துக் கறுத்தது போல இருக்கும். இந்த விரல் நுனிக் கறுப்பை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் குழப்பும்.

கால்வாயில் கண்ணை மட்டும் மேலே வைத்து மிதந்து, ஆள் நடமாட்டம் கண்டதும் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடுவது தேரை இல்லை, அது தவளை. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, விரல் நுனியில் வட்டமாகப் பட்டை வைத்திருப்பது மரத்தவளை. அவற்றுக்கு இந்தக் கட்டுரையின் அடையாளங்கள் அப்படியே பொருந்தாது.

எப்போது, எங்கே

சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர் பாதியில் தொடங்கி டிசம்பர் வரை. தேரைக்கும் இதுதான் பெரிய பருவம். கோடை மழை அல்லது ஆடி ஆவணியில் சாயங்காலம் இடித்துக் கொட்டும் மழைக்குப் பிறகும் கத்தல் கேட்டிருக்கிறேன். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் அக்டோபர் கடைசிக்குக் காத்திருங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

தேட வேண்டியது ஓடாத தண்ணீர், ஆழமில்லாத தண்ணீர், புல் முளைத்த தண்ணீர். கொடுங்கையூர், கண்ணதாசன் நகர்ப் பக்கம் வீடு கட்டாமல் கிடக்கும் காலி மனைகள் மழையில் குளமாகும். ரெட்டேரி, மாதவரம் ஏரிகளின் ஓரத்து ஈரப் புல்வெளிகளும் நல்ல இடம். மணலியைத் தாண்டினால் வயல் மிச்சமிருக்கும் இடங்களும் உண்டு. கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் இரண்டிலும் இறங்காதீர்கள். கழிவு நீரில் தேரையைத் தேடி உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, நோய்தான் கிடைக்கும்.

இரவு ஏழரைக்கு மேல், மழை விட்ட பிறகு போங்கள். கம்பூட் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வெள்ளத் தண்ணீரில் பரவும், காலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும். மின்சாரப் பெட்டி நிற்கும் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. தவளை நிறைய இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும், ஆகவே புல்லை விலக்கக் கையை விடாமல் ஒரு குச்சியை வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். தெருக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. டார்ச்சோடு காலி மனையில் குனிந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். "இன்னாக்கா தேடற, எதனா வுட்டுட்டியா?" என்று கேட்டு வந்த பையன்கள்தான் பிறகு என் நல்ல துணைகள் ஆனார்கள்.

கையில் எடுக்கும் முன்

எடுக்காமலே ஆணை அடையாளம் காண முடியும் என்றால் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம்.

ஒன்று, தேரை தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. நம் கையில் இருக்கும் சோப்பு, சானிட்டைசர், கொசுவிரட்டிக் களிம்பு எல்லாம் அதன் உடம்புக்குள் போகும். அன்று மாலை கையில் எதையும் பூசாதீர்கள். அந்த மனையில் தேங்கிய தண்ணீரிலேயே கையை நனைத்து, பிறகு தொடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மெல்லிய கையுறை போட்டு, அதையும் நனைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, தொட்டால் மரு வராது. "அக்கா, அத்தத் தொட்டா கையில மரு வரும்" என்று எந்தத் தெருவிலும் சொல்வார்கள். மனிதருக்கு மரு வருவது ஒரு வைரஸால், தேரையால் இல்லை. ஆனால் அந்த மொச்சைக்கொட்டை மேட்டை அழுத்தினால் பால் போல நஞ்சு வரும். கையில் பட்டால் ஆபத்தில்லை, அதே கையால் கண்ணைத் தேய்த்தால் எரிச்சல் தாங்காது. பார்த்து முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வளர்ப்பு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். நாய் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். உடனே வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஈறு, நாக்கு எல்லாம் துடைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பிடிக்கும் விதம்: மேலிருந்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் அதன் முன்னங்கால்களுக்குப் பின்னால், அக்குளை ஒட்டி வருமாறு மெதுவாகப் பிடியுங்கள். நசுக்கக் கூடாது, வயிறு உங்கள் உள்ளங்கையில் அமர வேண்டும். எடுத்ததும் பெரும்பாலும் தண்ணீர் விடும். பயத்தில் விடுவது அது, வெயில் காலமாக இருந்தால் அது சேர்த்து வைத்திருந்த தண்ணீரும்கூட. வேனிலில் தேரையைத் தூக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் வைக்காதீர்கள், எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

ஆணுக்கு நான்கு சாட்சி

தேரைக்கு வெளியே தெரியும் இனவுறுப்பு கிடையாது. மலம், சிறுநீர், முட்டை, விந்து எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே வாசல், இரு பாலுக்கும் ஒரே மாதிரி. அதனால்தான் சுற்றுச் சாட்சிகளைத் தேடுகிறோம்.

முதல் சாட்சி குரல். தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து "குர்ர்ர்ர்ர்" என்று நீட்டி, தையல் மிஷினைத் தூரத்திலிருந்து கேட்பது போல, நிறுத்தாமல் இழுப்பது ஆண். பெண் இப்படிக் கத்தாது. தவளை தன் வாயால் கெடும் என்கிறோமே, அந்தப் பழமொழி ஆணுக்கு மட்டும்தான் பொருந்தும். கத்தும் தேரையைக் கண்டுபிடித்துவிட்டால் வேறு சாட்சியே வேண்டாம், தொடவும் வேண்டாம். டார்ச்சை அணைத்துவிட்டு அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நின்றுபோன கத்தல் திரும்பத் தொடங்கும். பிறகு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தரையோடு அடியுங்கள். தாடைக்குக் கீழே ஒரே பலூன் போல உப்பியிருப்பது தெரியும். அதே தண்ணீரில் கன்னத்துக்கு இரு பக்கமும் இரண்டு நீலப் பலூன் ஊதிக்கொண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பூசியது போல ஒன்று கத்தினால் அது பெரிய மாட்டுத்தவளையின் ஆண். கண்கொள்ளாக் காட்சி, தவறவிடாதீர்கள், ஆனால் குறிப்பில் தேரையோடு சேர்க்காதீர்கள்.

இரண்டாவது சாட்சி தொண்டைத் தோல். கத்தாமல் இருக்கும் ஆணுக்கும் தாடைக்குக் கீழே தோல் கொஞ்சம் தொளதொளவென்று, மஞ்சளோ ஆரஞ்சோ கலந்தோ, அழுக்கேறியது போலக் கறுத்தோ இருக்கும். பெண்ணுக்கு அந்த இடம் வயிற்றின் நிறத்திலேயே, இழுத்துக் கட்டியது போல இருக்கும். மழைக்காலத்தில் இது நன்றாகத் தெரியும். மற்ற மாதங்களில் நம்ப வேண்டாம்.

மூன்றாவது சாட்சிதான் நான் அதிகம் நம்புவது: விரல். தேரையின் முன்னங்காலில் நான்கு விரல்கள். நமக்குக் கட்டைவிரல் இருக்கும் பக்கத்தில், உள்பக்கமாக இருக்கும் முதல் விரலையும் அடுத்ததையும் பாருங்கள். பருவத்தில் இருக்கும் ஆணுக்கு அந்த விரல்களின் மேல்புறமும் உள்புறமும் கறுப்பாக, சொரசொரப்பாக, மணல்தாள் துண்டு ஒட்டியது போல ஒரு திட்டு இருக்கும். விலங்கியல் பாடத்தில் கலவித் திண்டு என்பார்கள். வழுக்கும் பெண்ணின் உடம்பைத் தண்ணீரில் விடாமல் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். விரல் நுனிக் கறுப்பு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. நுனியைப் பார்க்காதீர்கள். நுனிக்குக் கீழே, விரலின் அடிப்பாகத்தில் கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் அந்தச் சொரசொரப்பின் சின்னச் சின்ன முள் கூடத் தெரியும். ஆணின் முன்னங்கையும் பெண்ணினதைவிடத் திரண்டு இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய பிறகு அதுவும் கண்ணில் படும்.

நான்காவது, விடுவிப்புக் குரல். மேலே சொன்ன மாதிரி அக்குளை ஒட்டிப் பிடித்ததும் ஆண் "கிக் கிக் கிக் கிக்" என்று வேகமாகக் குருவி போலச் சிணுங்கும், விலா துடிப்பது நம் விரலில் உணர முடியும். "நானும் ஆண்தான், என்னை விடு" என்று அர்த்தம். பருவ காலத்தில் ஆண்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிப் பிடிக்கும், இன்னொரு ஆணை, மிதக்கும் கட்டையை, சில நேரம் என் கம்பூட் முனையை. தப்பாகப் பிடிபட்ட ஆண் இந்தக் குரலைக் கொடுத்ததும் பிடித்தது விட்டுவிடும். நம் இரண்டு விரலும் இன்னொரு ஆணின் பிடி என்று நினைத்துத்தான் நம்மிடமும் சொல்கிறது. ஆனால் குரல் வராவிட்டால் பெண் என்று முடிவுகட்டாதீர்கள். பயந்துபோன ஆண் வாயே திறக்காமல் இருப்பதும் உண்டு.

விரலைப் பார்த்து ஆணைப் பிரிப்பது ஒரு காலத்தில் மருத்துவத் தேவையாகவே இருந்தது. 1947-இல் அர்ஜென்டினாவில் காலி மைனினி என்ற மருத்துவர் ஆண் தேரையைக் கொண்டு கர்ப்பப் பரிசோதனை செய்யும் முறையைக் கொண்டுவந்தார். பரிசோதனைக்கு வந்த பெண்மணியின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசியில் செலுத்துவார்கள். கர்ப்பம் என்றால் அந்தச் சிறுநீரில் இருக்கும் கர்ப்ப ஹார்மோனால் சில மணி நேரத்தில் தேரையின் சிறுநீரில் விந்தணுக்கள் வந்துவிடும். மெடிக்கலில் வாங்கும் இன்றைய அட்டைகள் வருவதற்கு முன்னால் உலகத்தில் பல இடங்களில் இந்த முறை நடந்தது.

பெண் என்று எப்போது எழுதலாம்

அளவை மட்டும் வைத்து எழுதவே கூடாது. பொதுவாகப் பெண் பெரிது, அது உண்மை. வளர்ந்த பெண் 10 செ.மீ. தாண்டுவதும் உண்டு, ஆண் பெரும்பாலும் 8 செ.மீ.க்குள் நிற்கும். ஆனால் இளம் பெண்ணும் முழு வளர்ச்சி அடைந்த ஆணும் ஒரே அளவில் இருக்கும். நான் தொடங்கிய முதல் பருவத்தில் பெரியதையெல்லாம் பெண், சிறியதையெல்லாம் ஆண் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். ஒரு இரவு, "பெண்" என்று மூன்று நாளாக எழுதி வந்த ஒன்று, முதுகில் மச்சம் போல ஒரு வெளிர்த் திட்டு வைத்திருந்ததால் எனக்கு நன்றாகத் தெரியும், கையில் எடுத்ததும் கிக் கிக் என்றது. விரலைத் திருப்பிப் பார்த்தேன், கறுப்புத் திண்டு அப்படியே இருந்தது. அந்த நோட்டில் அதுவரை எழுதியிருந்த எல்லாப் பக்கத்தையும் "பால் தெரியாது" என்று திருத்தினேன்.

ஆகவே இந்த வரிசையில் போங்கள். கத்துகிறதா? ஆண். கத்தவில்லை என்றால் முதல் விரலில் திண்டு இருக்கிறதா? ஆண். அதுவும் இல்லை, தொண்டையும் வெளுத்திருக்கிறது, சிணுங்கவும் இல்லை, உடம்பு பெரிது, மழைக்காலம் என்றால் "பெரும்பாலும் பெண்" என்று எழுதலாம். வயிறு இரு பக்கமும் பிதுங்கி, உட்கார்ந்தால் தரையில் பரவி, முதுகில் ஆணைச் சுமந்திருந்தால், அல்லது முட்டை இடுவதையே பார்த்தால், அப்போதுதான் "பெரும்பாலும்" என்ற சொல் இல்லாமல் "பெண்" என்று எழுதுங்கள். ஜோடி என்பதே போதாது, ஏனென்றால் கீழே இருப்பதும் ஆணாக இருக்கலாம். கீழே இருப்பது சிணுங்குகிறதா என்று ஒரு நிமிடம் கேளுங்கள். 5 செ.மீ.க்குக் குறைந்த குட்டிகளை எல்லாம் "தெரியாது" என்றே எழுதுங்கள். அது குறைவான பதில் இல்லை, சரியான பதில்.

இன்னொன்றும் இருக்கிறது, படித்த நாளிலிருந்து என்னை விட்டுப் போகாத செய்தி. ஆண் தேரையின் விந்தகத்துக்கு முன்னால் பிட்டர் உறுப்பு என்று ஒன்று உண்டு. அது வளராமல் நின்றுவிட்ட முட்டைப்பை. விந்தகத்தை எடுத்துவிட்டால் அந்த உறுப்பு வளர்ந்து முட்டைப்பையாகவே மாறக்கூடியது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வாசல் தேரை ஒவ்வோர் ஆணுக்குள்ளும் அப்படி ஒரு துளிர் இருக்கிறது.

தழுவலும் முட்டைச் சரமும்

ஆண்கள்தான் முதலில் தண்ணீருக்கு வரும். ஓரத்தில் இடம் பிடித்துக் கத்தும். முட்டை முற்றிய பெண் அந்தக் குரலைத் தேடிப் புல்லுக்குள்ளிருந்து வரும். வந்ததும் ஆண் முதுகில் ஏறி, பெண்ணின் அக்குளுக்குள் கைவிட்டு இறுக்கிக்கொள்ளும். நாயையும் பூனையையும் போலப் புணர்ச்சி இதில் கிடையாது. உடம்புக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை. கருவுறுதல் தண்ணீரில், வெளியே நடக்கிறது.

தண்ணீருக்கு வரும் பெண்கள் குறைவு, ஆண்கள் அதிகம். ஒரு பெண் மேல் மூன்று, நான்கு ஆண்கள் ஏறி ஒரே பந்தாக உருளுவதையும் பார்ப்பீர்கள். சில நேரம் அடியில் மாட்டிய பெண் மூச்சுத் திணறி இறந்துவிடும். பிரித்துவிட மனம் துடிக்கும். நான் தொடுவதில்லை, ஆனால் தண்ணீருக்கு வரும் வழியில் தெருவில் அப்படி உருண்டு வண்டிச் சக்கரத்துக்கு நேராக வந்தால் மொத்தமாக முறத்தில் வாரி ஓரத்தில் விடுவேன்.

முட்டையிடுவதைக் கொடுங்கையூரில் ஒரு காலி மனையில் முழுதாகப் பார்த்தேன். கணுக்கால் தண்ணீர், உள்ளே கோரைப்புல். பெண் ஒரு புல்லைப் பின்னங்காலால் அணைத்து, முதுகை லேசாக வளைத்தது. ஆணும் கூடவே வளைந்தது. பின்னாலிருந்து கண்ணாடி நூல் போல இரண்டு சரம் வந்தது, உள்ளே கடுகு கோத்தது போலக் கறுப்பு முட்டைகள். ஒவ்வொரு முட்டைப்பையிலிருந்தும் ஒரு சரம். அவை வெளியே வரும் அந்த நொடியில்தான் ஆண் விந்தைத் தண்ணீரில் விடுகிறது. பெண் இரண்டடி நடந்து அடுத்த புல்லைச் சுற்றியது, திரும்ப வளைந்தது. இப்படியே மணிக்கணக்காக. நடுவில் ஒரு தூறல் போட்டது, இரண்டும் அசையவில்லை. நான் கிளம்பும்போது சரத்தின் வழவழப்பு தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போயிருந்தது, முதலில் நூலாக இருந்தது சேமியா அளவு ஆகியிருந்தது.

ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் முட்டைகள் இருக்கும். சரமாக இருந்தால் தேரை. கும்பலாகவோ தண்ணீர் மேல் பாய் விரித்தது போலவோ இருந்தால் தவளை. தொட்டிச் சுவரிலோ செடியிலோ சோப்பு நுரை போலத் தொங்கினால் மரத்தவளை. விடிந்ததும் தேரையிடம் கேட்காமலே என்ன நடந்தது என்று சொல்லிவிட இது போதும்.

முட்டைச் சரத்தைக் கண்டால் அந்த மனைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லத் தவறினேன். மேலே சொன்ன அதே மனையில், தலைப்பிரட்டைகள் கறுப்புக் கம்பளமாக நீந்திக்கொண்டிருந்த வாரம், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ லாரியில் இடிபாடு கொண்டு வந்து கொட்டி மேடாக்கிவிட்டார்கள். காலையில் செங்கல் இடுக்கில் கொஞ்சம் சேறுதான் மிச்சம். அடுத்த மாதமே இன்னொரு மனையில் நான் போய்ப் பேசியபோது அங்கே இருந்த அம்மா, "ரெண்டு மாசம் தானே, இருந்துட்டுப் போவட்டும்மா" என்று உடனே ஒப்புக்கொண்டார். கேட்டால் பலர் சரி என்பார்கள்.

தலைப்பிரட்டை முதல் தரை வரை

நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு நாளில் முட்டை பொரிந்துவிடும். முதல் சில நாள் வழவழப்பிலோ புல்லிலோ அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாய் திறந்ததும் பாசியைச் சுரண்டித் தின்னத் தொடங்கும். தேரைத் தலைப்பிரட்டை சின்னது, கரிக்கறுப்பு, எப்போதும் கூட்டமாக நீந்தும். தவளையினது பெரிதாக, பழுப்பாக இருக்கும். தேரைத் தலைப்பிரட்டைகள் ஒரே சரத்தில் பிறந்த தம் உடன்பிறப்புகளை அடையாளம் கண்டு அவற்றோடு சேர விரும்புகின்றன என்று தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைதாபூர் குழுவினர் 2000-இல் காட்டினார்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் பத்து போதும். அகலமான பிளாஸ்டிக் டப், அதே மனையின் தண்ணீர், கொஞ்சம் புல். குறையும் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புவதானால் ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். உணவுக்கு வேகவைத்த கீரை ஒரு சிட்டிகை, மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறி எல்லாம் இறந்துவிடும். டப் மேல் கொசுவலை கட்டாயம். டெங்கு காலத்தில் திறந்த தண்ணீர் வைப்பது தெருவுக்கே கேடு.

முதலில் பின்னங்கால் முளைக்கும், பிறகு முன்னங்கால், கடைசியில் வால் உடம்புக்குள் கரையும். முன்னங்கால் வந்த அன்றே டப்பில் சாய்வாக ஒரு செங்கல் வையுங்கள். அந்த நாட்களில் அது நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கியிருக்கும், ஏற இடம் இல்லாவிட்டால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். முட்டையிலிருந்து தரைக்கு வர சுமார் 1 மாதத்திலிருந்து 2 மாதம் ஆகும்.

எடுத்த இடத்திலேயே விடுங்கள். "மாதவரம் ஏரியில விட்டா நல்லா இருக்குமே" என்று வேறிடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். நோய் பரவும். 2014-இல் மடகாஸ்கர் தீவின் துறைமுக நகரமான டோமாசினாவில் இதே இனத் தேரை காணப்பட்டது. அங்கே அது வந்தேறி. தேரையைத் தின்று பழகாத அந்தத் தீவின் பாம்புகளுக்கும் மற்ற விலங்குகளுக்கும் அதன் நஞ்சு ஆபத்து. எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை கன்டெய்னர் லாரிகள் நிற்கும் நம் பகுதியில் இது நேரடியாக நம் விஷயம். கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர்கள் மழைக்காலத்தில் பெட்டிக்கு அடியிலும் மரப் பலகை அடுக்கிலும் ஒரு பார்வை பார்த்து, தேரை இருந்தால் வேலிக்கு வெளியே புல்லில் விட்டுவிட்டால் போதும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, மனை ஓரத்துச் சாலை அசைவது போல இருக்கும். குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னத் தேரைக் குட்டிகள், நூற்றுக்கணக்கில், தண்ணீரிலிருந்து வெளியேறிப் போய்க்கொண்டிருக்கும். வெயில் ஏறும் முன் நிழலுக்குப் போயாக வேண்டும் அவற்றுக்கு. அந்த இரண்டு மூன்று நாள் பைக்கை அந்த ஓரமாக நிறுத்தாதீர்கள். வாசலில் உப்பு தூவாதீர்கள், அந்தத் தோலில் உப்பு பட்டால் உடம்பின் ஈரமெல்லாம் வற்றித் துடித்துச் சாகும். சம்ப் மூடியைச் சரியாக மூடி, மழைநீர்த் தொட்டிக்குள் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், விழுந்தது ஏறி வரட்டும். எண்ண முடிந்தால் எண்ணுங்கள். ஆண், பெண் என்ற கட்டத்தில் இப்போதைக்கு "தெரியாது" என்று எழுதி, பக்கத்தில் தேதியும் தெருவின் பெயரும் போட்டு வையுங்கள்.